அர்வைனா, சான் ஹோசேவா: தரவரிசைக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம்?

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட்டில் பல ஆண்டுகளாக வசிக்கிறோம்; கிரீன் கார்டு உள்ளது. மகளுக்கு யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அர்வைனில் கணிதப் பிரிவிலும், சான் ஹோசே ஸ்டேட்டில் கணினி அறிவியலிலும் இடம் கிடைத்திருக்கிறது. அவள் படிக்க விரும்புவது கணினி அறிவியல். 529 கணக்கில் (கல்விச் செலவுக்கான வரிச் சலுகைச் சேமிப்பு) 90,000 டாலர் இருக்கிறது. மகன் எட்டாம் வகுப்பில் படிக்கிறான். அரசுப் பல்கலைக்கழகத் தரவரிசையில் அர்வைன் முதல் பத்துக்குள் வருகிறது. சான் ஹோசேயின் பெயரே அதில் இல்லை. கடன் வாங்கியாவது அர்வைனுக்கு அனுப்புவதுதானே சரி?

பதில்: தாங்கள் பார்த்த பட்டியலில் சான் ஹோசே இடம்பெறாததற்குக் காரணம் தரக்குறைவு அல்ல. கலிஃபோர்னியாவின் 1960ஆம் ஆண்டு உயர்கல்விப் பெருந்திட்டம், ஆய்வும் முனைவர் பட்டமும் யூசி வளாகங்களுக்கு, இளநிலைக் கல்வியும் தொழிற்கல்வியும் பெரும்பாலும் சான் ஹோசே போன்ற கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) வளாகங்களுக்கு என்று பணியைப் பிரித்துக் கொடுத்தது. யூஎஸ் நியூஸ் இதழ் முன்னதைத் தேசியப் பல்கலைக்கழகங்கள் என்றும், பின்னதில் பெரும்பாலானவற்றை மேற்கு மண்டலப் பல்கலைக்கழகங்கள் என்றும் தனித்தனியே வரிசைப்படுத்துகிறது. ஆகவே இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் தேடினால் கிடைக்காது.

அந்தத் தரவரிசை எண் எப்படி உருவாகிறது என்பதையும் கவனியுங்கள். மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு, பிற பல்கலைக்கழகங்களின் தலைவர்களும் முதல்வர்களும் அந்நிறுவனத்தைப் பற்றிக் கொண்டிருக்கும் அபிப்பிராயம். 2023இல் கணக்கிடும் முறையை இதழ் மாற்றியபோது, யூசி மெர்செட் 97ஆம் இடத்திலிருந்து 60ஆம் இடத்துக்கு ஒரே தாவலில் ஏறியது. அங்கே பாடம் நடத்தும் ஆசிரியர்களோ வகுப்பறைகளோ அதற்குள் மாறிவிடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, கொலம்பியா பல்கலைக்கழகம் கொடுத்த தரவுகளை அங்கேயே பணிபுரியும் கணிதப் பேராசிரியர் ஒருவர் கேள்விக்குள்ளாக்க, அது 2ஆம் இடத்திலிருந்து 18ஆம் இடத்துக்கு இறங்கியது.

இனி பணக் கணக்குக்கு வருவோம். அர்வைனில் மாநிலத்தவருக்கான கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 15,000 டாலர்தான். விடுதி, உணவு, காப்பீடு எல்லாம் சேரும்போதுதான் அது 40,000 டாலரைத் தாண்டுகிறது. ஆண்டுக்கு 42,000 என்று வைத்தால் நான்கு ஆண்டுகளுக்கு 1,68,000 டாலர். சான் ஹோசேயில் 2025-26இன் கல்விக் கட்டணம் 6,450 டாலர். இது 2028-29 வரை ஆண்டுதோறும் 6 சதவீதம் உயரும் என்பதை மறக்க வேண்டாம். மகள் வீட்டிலிருந்தே பார்ட் ரயிலில் சான் ஹோசேயின் பெரியெஸ்ஸா நிலையம் வரை போய் அங்கிருந்து பேருந்து பிடித்தால், வளாகக் கட்டணம், புத்தகம், பயணம் உட்பட ஆண்டுக்கு 12,000 டாலருக்குள் முடிக்கலாம். 529 கணக்கில் மிஞ்சும் நாற்பதாயிரத்துச் சொச்சத்தை வரியின்றி மகன் பெயருக்கு மாற்றிவிடலாம்.

அர்வைன் என்றால் துண்டு விழுவது 78,000 டாலர். மகள் பெயரில் நான்கு ஆண்டுகளில் கிடைக்கும் மத்திய அரசுக் கடன் 27,000. மீதி 51,000 டாலர் தங்கள் பெயரில், பெற்றோருக்கு மத்திய அரசு தரும் பேரன்ட் பிளஸ் கடனாக விழும். (2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்குப் பிள்ளை ஒன்றுக்கு 65,000 என்ற உச்சவரம்பும் வருகிறது.) 2025-26க்கான 8.94 சதவீத வட்டியை வைத்துப் பார்த்தால், படிப்புக்கால வட்டியைச் சேர்க்காமலே, பத்து ஆண்டுகளுக்கு மாதம் ஏறக்குறைய 640 டாலர் கட்ட வேண்டும். அந்தத் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போதே மகனும் கல்லூரிக்குள் நுழைவான்.

இவ்வளவு கொடுத்து வாங்குவது கணிதப் பிரிவு இடம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. சேர்ந்த பிறகு கணினி அறிவியலுக்கு மாற, குறிப்பிட்ட பாடங்களை நல்ல மதிப்பெண்ணுடன் முடித்து விண்ணப்பிக்க வேண்டும், இடம் உறுதியில்லை. முன்பின் அறியாத ஊரில் நம்மவர்கள் நம்பிக்கொண்டு அனுப்பும் "அப்புறம் மாத்திக்கலாம்" என்ற கணக்கு, இந்தப் படிப்பில் பெரும்பாலும் பலிப்பதில்லை.

சான் ஹோசேயின் உண்மையான குறை தரவரிசையில் இல்லை, பட்டம் முடிக்க ஆகும் காலத்தில் இருக்கிறது. நான்கே ஆண்டுகளில் முடிப்பவர்கள் அங்கே பாதிக்கும் குறைவு; அர்வைனில் பெரும்பாலோர் முடித்துவிடுகிறார்கள். மகளின் ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) மதிப்பெண்கள் எத்தனை பாடங்களுக்கு ஈடாகும் என்பதை இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். அப்படியும் ஐந்தாவது ஆண்டு தேவைப்பட்டால் வீட்டிலிருந்து படிக்கும் பெண்ணுக்கு அது இன்னொரு 12,000 டாலர், அவ்வளவே. ஓராண்டுச் சம்பளம் தள்ளிப்போவதும் இழப்புதான் என்றாலும், அதற்காக இன்றே 51,000 டாலர் கடனை ஏற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் இரு கல்லூரிகளையும் அல்ல, இரு படிப்புகளையும் ஒப்பிடுங்கள்: அர்வைன் கணிதம், சான் ஹோசே கணினி அறிவியல். பட்டதாரிகளின் இடைநிலை வருமானம் பிரிவுவாரியாக அங்கே இருக்கிறது. மார்ச் 2ஆம் தேதிக்குள் ஃபாஃப்சா (மத்திய அரசின் கல்வி நிதியுதவி விண்ணப்பம்) படிவம் அனுப்பியிருந்தால், மாநிலத்தின் மிடில் கிளாஸ் ஸ்காலர்ஷிப் ஏதும் வருகிறதா என்றும் பாருங்கள். அதன் வருமான வரம்பு இரண்டு லட்சம் டாலருக்கும் மேல் என்பதால் "நமக்குக் கிடைக்காது" என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

அர்வைன் தன் இடத்தைக் கணினி அறிவியலிலேயே கொடுத்திருந்தால், நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். இப்போதைய நிலையில், மே 1க்குள் சான் ஹோசேயில் இடத்தை உறுதிசெய்யுங்கள்.