எல்பூருக்குப் போகும் வழியில்

அன்புள்ள அக்கா,
மே விடுமுறைக்கு மனைவி, பிள்ளைகளோடு இந்தியப் பெருங்கடலில் இருக்கும் உங்கள் பிரெஞ்சுத் தீவு ரெயூனியோனுக்கு வருகிறேன். சலாசி பள்ளத்தாக்கும் எல்பூரின் வண்ண வீடுகளும் பார்க்க ஒரு நாள் போதுமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? அங்கே இத்தனை தமிழர்கள் இருந்தும் யாருக்கும் தமிழ் பேச வராதாமே, கேட்கவே பாவமாக இருக்கிறது.
— காரைக்கால் வாசகன்

அன்புள்ள தம்பி,

ஒரு நாள் போதும். விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். பத்து மணி தாண்டினால் மேகம் இறங்கி, 3,000 மீட்டருக்கு மேல் நிற்கும் பித்தோன் தே நேஜ் சிகரத்தை மூடிவிடும். வழியில் ஓர் அருவி வரும், எல்லோரும் போட்டோ எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள்.

எல்பூர் அழகான ஊர்தான். மஞ்சளும் நீலமும் பூசிய பலகைச் சுவர்கள், கூரை விளிம்பில் காகிதத்தைக் கத்தரித்த மாதிரிப் பூவேலை. 1831-இல் இங்கே வெந்நீர் ஊற்றைக் கண்டுபிடித்தார்கள். கடற்கரைப் பணக்காரர்கள் குளிக்க வந்து வளர்ந்த ஊர். 1948 புயலோடு ஊற்றும் போயிற்று. மிச்சத்தை வழிகாட்டிப் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

என்னை உறுத்தியது உங்கள் ‘பாவம்’. இதைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், நீங்கள் வந்து மாட்டினீர்கள்.

சலாசிக்கு ஏறும் சாலை சேந்த் ஆந்த்ரேயில் தொடங்குகிறது. கரும்புக்காட்டு ஊர். 1848-இல் அடிமை முறை ஒழிந்ததும் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. உங்கள் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். இங்கே தோட்டத்தில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவுப் பேச்சு), பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு. அப்போது தமிழுக்குக் கோயிலை விட்டால் இடமில்லை.

என் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் “சாப்பிட்டீங்களா?” என்றால் புரியாது. ஆனால் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். அவருடைய அப்பா சொல்லச் சொல்ல, அம்மன் தாலாட்டைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதியது. ழகரம் வரும் இடத்திலெல்லாம் சிவப்பு மையில் ஒரு புள்ளி. ஓரமெல்லாம் மஞ்சள் கறை. பாண்டியாலே தீமிதிக்கு (நம் திரௌபதிதான்) 18 நாள் விரதம் இருந்து, அதைப் பார்த்துப் பாடுவார். ஒரு வரி தவறினாலும் மறுபடி முதலிலிருந்து.

உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு தாலாட்டு முழுசாகத் தெரியுமா தம்பி? தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சுப் பாடம் எடுத்தால் மார்க் கூடும் என்று கணக்குப் போடும் பெற்றோர்கள், இங்கே வந்து இறங்கியதும் “பாவம்” என்கிறார்கள். போன வருஷம் வந்த ஒருவர் கோயில் வாசலில் எழுபது வயதுப் பெரியவரை நிறுத்தி, “உங்க பேர் என்ன, தமிழ்ல சொல்லுங்க பார்ப்போம்” என்று வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வதுபோல் கேட்டார். பெரியவர் சிரித்தபடி முனிசாமி என்றார். எனக்குத்தான் அந்த மனிதரை அங்கேயே நாலு வார்த்தை கேட்கவேண்டும் போலிருந்தது. பெயரில் முனிசாமியை விடாமல் வைத்திருக்கும் குடும்பத்துக்கு நீங்கள் என்ன பரீட்சை வைப்பது?

கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்பூரிலிருந்து இறங்கும்போது வீட்டுக்கு வாருங்கள், பாட்டியிடம் கூட்டிப்போகிறேன். பிள்ளைகளையும் கட்டாயம் அழைத்து வாருங்கள்.

சாப்பாடு கேட்டிருந்தீர்கள் அல்லவா? சலாசி முழுக்கச் சௌசௌ கொடிதான். சோறு, பருப்பு, சௌசௌ கறி கிடைக்கும். அதில் புகைபோட்ட பன்றி இறைச்சி சேர்ப்பதுண்டு, கேட்டுவிட்டு இலையில் கை வையுங்கள்.