திபெத்தியரின் ரத்தமும் தற்செயலும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திபெத்தியர் பற்றிய உங்கள் கட்டுரையில், உயரமான இடத்தில் வாழ உதவும் மரபணுவை இயற்கை தேர்ந்தெடுத்தது என்று எழுதியிருந்தீர்கள். நான் உயிரியல் படித்தவன் இல்லை, வங்கியில் வேலை பார்க்கிறேன். அந்தக் காலத்துக்குப் போய் யாரும் பார்த்ததில்லை. இன்றைக்கு ரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு, அன்றைக்குத் தேர்வு நடந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? ஒரு சின்னக் கூட்டம் மலையேறியது, அதில் பலரிடம் தற்செயலாக அந்த மரபணு இருந்தது என்றால் போதாதா? நடந்து முடிந்த பிறகு உட்கார்ந்து காரணம் கட்டுவதுபோல் தெரிகிறது. அப்புறம், நம் பக்கத்தில் இப்படி ஏதாவது கண்டிருக்கிறார்களா?

ர.,
ஈரோடு

அன்புள்ள ர.,

தற்செயலாக இருந்தால் என்ன என்ற கேள்வியைத்தான் இந்தத் துறையில் இருப்பவர்களும் முதலில் கேட்டுக்கொள்கிறார்கள். அதைத் தள்ள முடிந்தால்தான் இயற்கைத் தேர்வு என்ற பேச்சே எழும்.

நான் எழுதியது 2010இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வை வைத்து. 4200 மீட்டருக்கு மேல் வாழும் 50 திபெத்தியரின் டிஎன்ஏவில், புரதம் உண்டாக்கும் பகுதிகளை மட்டும் எடுத்துப் படித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க பெய்ஜிங்கின் ஹான் சீனர் 40 பேர். இரண்டு கூட்டமும் நெருங்கிய உறவு. பெரும்பாலான இடங்களில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் ஈபாஸ்1 என்ற மரபணுவில் ஓர் எழுத்து, அதாவது டிஎன்ஏவின் ஒரு புள்ளியில் வரும் ஒரு வகை, திபெத்தியரிடம் 87 விழுக்காடு, ஹான் சீனரிடம் 9 விழுக்காடு.

நீங்கள் சொல்லும் சின்னக் கூட்டம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அது ஈபாஸ்1ஐ மட்டும் தூக்கிக்கொண்டு மலையேறியிருக்காது. கூட்டம் சிறுத்தால் எல்லா மரபணுக்களிலும் விழுக்காடு ஆடும். ஆக, தற்செயல் எவ்வளவு தூரம் ஆட்டும் என்பதை மற்ற சுமார் 20,000 மரபணுக்களே காட்டிவிடுகின்றன. உங்கள் கிளையில் எல்லாக் கணக்கும் கொஞ்சம் ஏறி இறங்கினால் பேசாமல் இருப்பீர்கள், ஒரே ஒரு கணக்கு பத்து மடங்கு எகிறினால் திறந்து பார்க்க மாட்டீர்களா?

இன்னொரு சிக்கல் உண்டு. வித்தியாசம் இருக்கிறது, சரி, மாறியது யார்? திபெத்தியரிடம் ஏறியதா, ஹான் சீனரிடம் இறங்கியதா? அதற்காக டென்மார்க்காரர்களை மூன்றாவது ஆளாகச் சேர்த்தார்கள். ஹான் சீனர் டேனியர் பக்கமாக நிற்க, விலகிப்போனது திபெத்தியர்தான் என்று தெரிந்தது.

இதுவரை வந்தது வெறும் எண்கள். தேர்வு நடந்திருக்கிறது என்று எண்கள் சொல்லும், எதற்காக என்று சொல்லாது. கிழக்காசியாவில் ஈடார் என்ற மரபணுவிலும் இப்படி ஒரு வலுவான தடயம் இருக்கிறது. அந்த ஒரே மாற்றம் தலைமுடியைத் தடிமனாக்குகிறது, முன்பற்களின் வடிவத்தை மாற்றுகிறது, வியர்வைச் சுரப்பிகளைக் கூட்டுகிறது. இதில் எதற்காக அது பரவியது? ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். காரணம் கட்டுகிறார்கள் என்ற உங்கள் புகார் அங்கே சரியாகப் பொருந்தும்.

ஈபாஸ்1 விஷயத்தில் உடலே சாட்சி சொல்கிறது. நாம் உயரத்துக்குப் போனால் உடல் சிவப்பணுக்களைப் பெருக்கும். வருடக்கணக்கில் அங்கேயே தங்கினால் ரத்தம் கெட்டிப்பட்டு இதயத்துக்குச் சுமையாகும். ஆண்டீஸ் மலைகளில் அதற்கு மோங்கே நோய் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சிவப்பணு உற்பத்தியோடு தொடர்புள்ள மரபணு ஈபாஸ்1. அந்த எழுத்தை உடைய திபெத்தியரிடம் ஹீமோகுளோபின் குறைவாக இருப்பதையும் அதே ஆய்வு கண்டது.

2014இல் கதை இன்னும் விசித்திரமானது. திபெத்தியரின் ஈபாஸ்1இல் உள்ள இந்த டிஎன்ஏ துண்டு டெனிசோவன்களிடமிருந்து வந்தது! சைபீரியக் குகையில் கிடைத்த ஒரு விரல் எலும்பின் வழியே நாம் முதலில் அறிந்த, அழிந்துபோன மனித இனம் அது. அவர்களோடு கலந்தபோது வந்த துண்டு வெகுகாலம் சும்மா கிடந்து, பிறகுதான் பரவியிருக்கிறது. எப்போது என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. முதல் ஆய்வு திபெத்தியரும் ஹான் சீனரும் பிரிந்தே 2750 ஆண்டுதான் ஆகிறது என்றது, தொல்லியலாளர்கள் ஏற்கவில்லை. 2021இல் வந்த கணக்கு தேர்வு தொடங்கியது சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன் என்றது, ஆனால் பிழை எல்லை 2500இலிருந்து 42,000 வரை. தேர்வு நடந்தது என்பதை நம்புங்கள், தேதியைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

உங்கள் சந்தேகத்தை முழு பலத்தோடு காட்ட வேண்டிய இடம் உயரம், அதாவது ஆள் உயரம். வட ஐரோப்பியர் தெற்கத்தியரைவிட உயரமாக இருப்பதற்கு இயற்கைத் தேர்வும் காரணம் என்று 2012இலிருந்து ஆய்வுகள் வந்தன. அங்கே ஒற்றை மரபணு கிடையாது, ஆயிரக்கணக்கான இடங்களின் பொடிப்பொடி விளைவுகளைக் கூட்டினார்கள். 2019இல் இரண்டு குழுக்கள் யுகே பயோபேங்க் என்ற பிரிட்டனின் பெரிய மரபணுத் தரவுத் தொகுப்பை வைத்து மறுபடி கூட்டியபோது, அந்தத் தடயம் பெரும்பாலும் காணாமல் போனது. பழைய ஆய்வுகளில் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்தபோது வடக்கு-தெற்கு வேறுபாடு ஒவ்வொரு எண்ணிலும் துளி கசிந்திருக்கிறது. எல்லாப் பிழையும் ஒரே திசையில் சாய்ந்ததால் கூட்டுத்தொகை பெரிதாகிவிட்டது. கூட்டிக் காட்டும் இந்த வகை ஆய்வுகளை வைத்து இந்த இனம் இப்படி, அந்தச் சாதி அப்படி என்று யாராவது அனுப்பினால், தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். ஈரோட்டிலிருந்து நீலகிரி எவ்வளவு தூரம்? சிவப்பணுக்களை அரிவாள் வடிவில் வளைக்கும் அரிவாள் செல் மரபணு இந்தியாவில் முதன்முதலில் பதிவானது அங்கேதான், 1952இல், லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் பழங்குடியினரின் ரத்தத்தைச் சோதித்தபோது. அந்த மரபணு பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் நோய், ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு, அதனால் மலேரியா இருந்த இடங்களில் தேர்வு அதை விடாமல் வைத்திருந்தது. இதை ஆலிசன் என்ற ஆய்வாளர் 1954இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் காட்டினார், மரபணு எழுத்துகளைப் படிக்கவே தெரியாத காலத்தில். மலேரியா குறைந்துவிட்டாலும் நோய் இன்னும் இருக்கிறது, இருளர், பணியர் குழந்தைகளுக்கு இன்றும் அதற்கான சோதனை நடக்கிறது.