களியக்காவிளைக்காரர்கள் யார்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருவனந்தபுரம் போகும்போது களியக்காவிளையில் பஸ் மாறினேன். டீக்கடையில் ஒருவர் தமிழில் கேட்க, மற்றவர் மலையாளத்தில் பதில் சொன்னார். இருவருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை. அந்த ஊரில் தமிழர் யார், மலையாளி யார் என்று சாதியை வைத்துச் சொல்லிவிட முடியுமா?

ர., மதுரை

அன்புள்ள ர.,

முடியாது. களியக்காவிளை இருக்கிற கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு தாலுகாவில் சாதி ஒரு பக்கம் போகும், மொழி இன்னொரு பக்கம் போகும், கிறிஸ்தவ சபை மூன்றாவது பக்கம் போகும்.

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) சேர்ந்தன. தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணி தலைமையில் போராடியவர்கள் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றுவிட்டது. களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை, அது அந்தப் பக்கம். நாடார் குடும்பங்கள் இரண்டு பக்கமும் உண்டு, பெண் கொடுத்து எடுப்பதும் உண்டு. அங்கே பிறந்த பிள்ளை மலையாளத்தில் படிக்கிறது, இங்கே பிறந்தது தமிழில். இங்குள்ள நாயர் வீடுகளில் மலையாளம் பேசுவார்கள், சந்தைக்கு வந்தால் தமிழ்.

கிறிஸ்தவர்களைப் பாருங்கள். 1996இல் மார்த்தாண்டத்தை இருப்பிடமாகக் கொண்டு மலங்கரை கத்தோலிக்க மறைமாவட்டம் வந்தது. கேரளத்தில் உருவான சபை, சிரிய வழிபாட்டு மரபு. இங்கே பூசை தமிழில். நீரோடி, தூத்தூர் கடற்கரை ஊர்களோ தமிழ்நாட்டில் இருந்துகொண்டு திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. கலெக்டர் நாகர்கோவிலில், பேராயர் திருவனந்தபுரத்தில்.

யார் தமிழர், யார் மலையாளி என்பதைவிட எனக்குக் கவலை வேறு. இங்குள்ள பழைய தமிழ்க் குடும்பங்களின் நிலப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் முத்திரைத்தாள், மேலே கொல்லம் ஆண்டு (1110 என்றிருந்தால் 1934–35), கீழே நான்கெல்லை, பாகம், கடன் எல்லாம் மலையாள எழுத்தில். அன்றைய அரசாங்கத்தின் மொழி அது. தாத்தா சரளமாக வாசித்த பத்திரத்தைப் பேரன் தலைகீழாகப் பிடித்தாலும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. பங்கு பிரிக்கிற நாளில் அதை வாசிக்கத் தெரிந்த ஒரு கிழவரைத் தேடி ஊர் ஊராக அலைகிறார்கள். அவர் சொன்னதுதான் எல்லை, சரியா தவறா என்று சோதிக்க வீட்டில் ஆளில்லை.

2006இல் வந்த சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் தமிழைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் வாழும் பிள்ளைக்குத் தமிழ் எழுத வரவேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் மாவட்டத்தில் மிஞ்சியிருக்கும் மலையாளப் பள்ளிகள் ஆசிரியர் இல்லாமல் தேய்ந்துவிடக் கூடாது. தமிழ்ப் பிள்ளைகளும் அந்த எழுத்தைப் படிக்க வேண்டும் என்பேன். பேச்சு ஏற்கெனவே காதில் இருக்கிறது. எழுத்து மட்டும்தான் பாக்கி. மார்த்தாண்டத்திலும் குழித்துறையிலும் கோடை விடுமுறையில் நூலகங்கள் ஒரு வகுப்பு நடத்தட்டும். பாடப்புத்தகம்கூட வேண்டாம், அவரவர் வீட்டுப் பத்திரத்தின் நகலைக் கொண்டுவந்தால் போதும்.