அமெரிக்காவில் அரசியல், ஊடகம், தொழில், திரைத்துறை ஆகியவற்றில் அதிகாரத்தில் இருப்பவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை வெளியில் இருப்பவர் அறிய வழியுண்டா?

உண்டு. அரசியல், ஊடகம், தொழில், திரைத்துறை ஆகிய நான்கையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். இவற்றில் இருப்பவர்கள் கொடுக்கும் பேட்டிகளிலும் ஓய்வுபெற்ற பின் எழுதும் நினைவுக்குறிப்புகளிலும் அதைத் தேடினால் அதிகம் கிடைக்காது, ஏனெனில் அவை நாம் கேட்பதற்காகவே தயாரிக்கப்பட்டவை. நாம் கேட்போம் என்ற எண்ணமே இல்லாமல் பேசப்பட்டு, பின்னர் சட்டத்தாலோ நீதிமன்றத்தாலோ ஆவணக் காப்பகத்தாலோ வெளியே வந்த பேச்சுகளே நம்பத்தக்கவை.

நான் சென்னையில் பல ஆண்டுகள் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் வேலையில் இருந்தேன். அமெரிக்க மருத்துவர்கள் பேசி அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வதுதான் தொழில். காது அந்த ஆங்கிலத்துக்குப் பழகிப்போனதால், ஒருநாள் தற்செயலாக அதிபர் லிண்டன் ஜான்சனின் தொலைபேசிப் பதிவொன்றைக் கேட்கத் தொடங்கினேன். அன்றிலிருந்து அந்தப் பதிவுகளை விடவில்லை. ஆகவே நான் நன்கறிந்த இடத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

ஜான்சன் தம் தொலைபேசி உரையாடல்களில் 600 மணி நேரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பதிவு செய்து வைத்திருந்தார். தாம் இறந்து 50 ஆண்டுகள் ஆகும்வரை அவற்றைத் திறக்கக் கூடாது என்பது அவர் விருப்பம். அவர் இறந்தது 1973 ஜனவரியில். ஆனால் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் உள்ள அவருடைய நூலகம், நாடாக்கள் கெட்டுப்போய்விடும் என்ற அச்சத்தாலும், கென்னடி கொலை தொடர்பான ஆவணங்களை வெளியிடச் சொல்லும் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், 1990களிலேயே அவற்றைத் திறக்கத் தொடங்கியது. இன்று வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மில்லர் மையத் தளத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

அவற்றில் இரண்டு உரையாடல்களை அடுத்தடுத்துக் கேட்டால் உங்கள் கேள்விக்குப் பெரும்பகுதி விடை கிடைத்துவிடும்.

முதலாவது, 1963 டிசம்பர் 2. கென்னடி கொல்லப்பட்டு ஜான்சன் பதவியேற்றுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. 'வாஷிங்டன் போஸ்ட்' நிறுவனத்தின் தலைவர் கேதரின் கிரஹாமிடம் பேசுகிறார். நான்கு மாதங்களுக்கு முன் கணவரை இழந்து, நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றிருந்தவர் அவர். ஜான்சன் கொஞ்சிக் குழைந்து, சிரிக்க வைத்துப் பேச்சைத் தொடங்குகிறார். பிறகு குரல் மாறுகிறது. கறுப்பின மக்களுக்கான குடிமை உரிமைச் சட்ட முன்வரைவைப் பிரதிநிதிகள் அவையின் விதிகள் குழுத் தலைவர் ஹோவர்ட் ஸ்மித் வெளியே விடாமல் முடக்கி வைத்திருக்கிறார். அதை அவருடைய குழுவிலிருந்து மீட்பதற்கான மனுவில் பெரும்பான்மை உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடாதவர்கள் யார் யார் என்று செய்தித்தாள்கள் படத்தோடு வெளியிட்டுத் தலையங்கம் எழுத வேண்டும். ஒரு நாட்டின் அதிபர், ஒரு செய்தித்தாளின் உரிமையாளரிடம், எந்தச் செய்தியை எப்படிப் போட வேண்டும் என்று எடுத்துச் சொல்கிறார். அந்த மனு தேவையான எண்ணிக்கையை எட்டவில்லை. ஆனாலும் அழுத்தம் தாங்காமல் ஜனவரியில் விசாரணை நடத்த ஸ்மித் இசைந்தார். 1964 ஜூலை 2 அன்று அந்த முன்வரைவு சட்டமானது.

இரண்டாவது, 1964 ஜனவரி, ஏறத்தாழ ஒரு மாத இடைவெளியில். ஹூஸ்டன் நகரில் இரண்டு வங்கிகளின் இணைப்பு அரசின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது. அவற்றுள் ஒன்றோடு நெருங்கிய பிணைப்புள்ளவர் ஜான் ஜோன்ஸ்; 'ஹூஸ்டன் கிரானிக்கிள்' செய்தித்தாளின் தலைவரும் அவரே. ஜான்சன் பதவியில் இருக்கும் வரை தம் செய்தித்தாள் அவரை ஆதரிக்கும் என்று ஜோன்ஸ் எழுத்தில் தர வேண்டும் என்பது அதிபர் தரப்பின் எதிர்பார்ப்பு. வாய்ச்சொல் போதாது, கடிதமே வேண்டும். கடிதம் வந்தது, இணைப்புக்கு ஒப்புதலும் கிடைத்தது. அதன் பிறகு ஜோன்ஸிடம் தொலைபேசியில் பேசும் ஜான்சன், இனி நாம் கூட்டாளிகள் என்ற பொருளில் மகிழ்ந்து பேசுகிறார்.

மிரட்டல் என்று சுட்டிக்காட்டக்கூடிய ஒரு சொல்கூட இந்தப் பேச்சில் இல்லை என்பதே என்னை முதன்முதலில் உலுக்கியது. ஊர்ப் பெரியவர் ஒருவர் கல்யாண வீட்டில் நலம் விசாரிக்கும் தொனிதான். நலம் விசாரிப்பு, பொதுவான நண்பரைப் பற்றி ஒரு சொல், பிறகு வேண்டியது, பிறகு நன்றி. நாட்டின் கோடிக்கணக்கான மக்களுக்குச் சம உரிமையையும் மரியாதையையும் பெற்றுத் தர உதவிய அதே குழைவும் அதே நச்சரிப்பும், அடுத்த மாதமே ஒரு செய்தித்தாளை விலைபேசவும் பயன்பட்டிருக்கின்றன. கருவி ஒன்றே. இதைக் காதால் கேட்ட பிறகு, அதிகாரம் என்றால் இருட்டறைச் சதி என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். யாருக்கு எது தேவை என்று அறிந்து வைத்திருப்பதும், செய்த உதவியை மறக்க விடாமல் இருப்பதுமே அதன் அன்றாட மொழி.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பதிவு நடக்கிறது என்பது ஜான்சனுக்குத் தெரியும், எதிர்முனையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது. அதனால் அவர் சொல்வதைவிட, பதில் சொல்பவர் எங்கே தயங்குகிறார், எங்கே அவசரமாக ஆமோதிக்கிறார் என்பதையே நான் கூர்ந்து கேட்பது வழக்கம். அவருக்கு அடுத்து அதிபரான ரிச்சர்ட் நிக்சனின் நாடாக்கள் இதற்கு மாறானவை. 1971 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் அமைக்கப்பட்ட அந்தக் கருவி, ஓவல் அலுவலகத்தில் குரல் எழுந்தாலே தானாக இயங்கிவிடும். அதனால் அவரே அதை மறந்து பேசிய நேரங்கள் மிகுதி. அவருடைய பதவியைப் பறித்த 1972 ஜூன் 23 பதிவில், எதிர்க்கட்சி அலுவலகத்தில் நடந்த வாட்டர்கேட் ஊடுருவல் பற்றிய புலனாய்வை நிறுத்த உளவுத்துறையைப் பயன்படுத்தும் திட்டமும், இத்தாலி நாணயமான லிராவைப் பற்றித் தமக்கு ஒரு கவலையும் இல்லை என்று நிக்சன் சள்ளென்று விழுவதும் ஒரே அமர்வில் வருகின்றன. குற்றத்துக்கென்று தனிக் குரல் எதுவும் அவர் வைத்திருக்கவில்லை.

திரைத்துறையைப் பொறுத்தவரை இத்தகைய நேரடிப் பதிவுகள் குறைவு. ஆனால் ஆட்கள் நகர்வதைப் பார்த்தாலே போதும். ஜான்சனின் நெருங்கிய உதவியாளர் ஜாக் வலென்டி 1966இல் வெள்ளை மாளிகையை விட்டு ஹாலிவுட் நிறுவனங்களின் சங்கத் தலைவராகி, 2004 வரை அப்பதவியில் நீடித்தார். வாஷிங்டனில் யாருடைய தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் எடுப்பார்கள் என்று அறிந்த ஒருவரைத்தான் திரைப்பட நிறுவனங்கள் தேடின.

இன்றைய ஊடகத்துக்கு வருவோம். 2020 தேர்தலுக்குப் பின் வாக்குப்பதிவு இயந்திர நிறுவனமான டொமினியன், தன் இயந்திரங்கள் வாக்குகளை மாற்றின என்ற பொய்யை ஒளிபரப்பியதாக ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சி மீது அவதூறு வழக்குத் தொடுத்தது. வழக்கின் முன்விசாரணையில் இரு தரப்பும் உள்ளகச் செய்திகளை ஒப்படைத்தாக வேண்டும். அப்படி வெளிவந்தவற்றில், 2020 நவம்பர் 12 அன்று தொகுப்பாளர் டக்கர் கார்ல்சன் தம் சக தொகுப்பாளர்களுக்கு அனுப்பிய செய்தி ஒன்று உண்டு. அதே நிறுவனத்தின் செய்தியாளர் ஜாக்கி ஹைன்ரிக், வாக்குகள் அழிக்கப்பட்டதற்குச் சான்று இல்லை என்ற தேர்தல் அதிகாரிகளின் கூற்றை எடுத்துக்காட்டி டிரம்பின் பதிவொன்றை ட்விட்டரில் திருத்தியிருந்தார். அவரை வேலையைவிட்டு நீக்க வேண்டும் என்கிறார் கார்ல்சன். அதற்கு அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று, நிறுவனத்தின் பங்கு விலை இறங்கியிருக்கிறது என்பது. செய்தியாளர் எழுதியது பொய் என்று அந்தச் செய்தியில் அவர் வாதிடவில்லை. 2023 ஏப்ரலில் 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து ஃபாக்ஸ் வழக்கை முடித்துக்கொண்டது. வழக்கு முழு விசாரணைக்குப் போயிருந்தால் இன்னும் எவ்வளவோ வெளிவந்திருக்கும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

இந்த வழிகள் இப்போது அடைபட்டு வருவதுதான் என்னைக் கவலைக்குள்ளாக்குகிறது. கூகுள் மீதான வழக்கில், ஊழியர்களின் அரட்டைகள் 24 மணி நேரத்தில் தானாக அழியும்படி விடப்பட்டிருந்ததை நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ கடுமையாகக் கண்டித்தார். 2025 மார்ச்சில் யேமன் மீதான தாக்குதலைப் பற்றி அமைச்சர்கள் பேசிய, சிக்னல் என்ற கைபேசிச் செயலியின் குழுவில் செய்திகள் சில வாரங்களில் மறையும்படி அமைக்கப்பட்டிருந்தன. 'அட்லாண்டிக்' இதழின் ஆசிரியர் தவறுதலாக அதில் சேர்க்கப்பட்டதால் மட்டுமே நமக்கு அது தெரிய வந்தது. ஜான்சன் ஐம்பது ஆண்டுகள் பூட்டி வைக்கத்தான் விரும்பினார், அழிக்கச் சொல்லவில்லை.

கேட்க விரும்பினால் 1963 டிசம்பர் 2 அழைப்பில் தொடங்குங்கள். முதல் முறை எழுத்துவடிவத்தைப் பார்த்துக்கொண்டு கேளுங்கள், அவருடைய டெக்சாஸ் உச்சரிப்பு பழகும். இரண்டாம் முறை எழுத்தை மூடிவிட்டு, கொஞ்சல் முடிந்து கோரிக்கை தொடங்கும் இடம் எது என்று மட்டும் கவனியுங்கள்.