எந்த கிராஃபைட் தூளை வாங்குவது?

கேள்வி: கிராஃபீன் தாள்கள் (கிராஃபைட்டிலிருந்து உரித்தெடுக்கும் மிக மெல்லிய கரி அடுக்குகள்) எடுப்பதற்காகப் பாரிமுனையில் இரண்டு கடைகளில் கிராஃபைட் தூள் வாங்கினேன். இரண்டையும் சோடியம் கோலேட் (தாள்கள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும், சோப்புப் போன்ற உப்பு) கலந்த நீரில் போட்டு, ஒரே நேரம் மீயொலிக் குளியலில் வைத்து, ஒரே வேகத்தில் மையவிலக்கியில் சுற்றினேன். வார்ப்படப் பட்டறைகளுக்கு விற்கும் மலிவான தூள் மை போலக் கறுத்தது. விலை கூடிய செதில் தூளோ வெளிறிய சாம்பல் நிறம்தான். மலிவானதே போதுமா?
– எம்.எஸ்சி. மாணவி, திருவொற்றியூர்

பதில்: போதாது. கறுப்பு நிறம் திரவத்தில் எவ்வளவு கரி மிதக்கிறது என்று மட்டுமே காட்டும். மிதப்பது தாளா, வெறும் பொடியா என்பதைக் காட்டாது.

மீயொலி அடுக்குகளைப் பிரிக்கும்போதே அவற்றைத் துண்டாக்கவும் செய்கிறது. மூலத் தூளில் இருக்கும் படிகத்தைவிட அகலமான தாள் எந்தக் கருவியிலும் வராது. பட்டறைத் தூளில் படிகங்கள் பெரும்பாலும் மிகச் சிறியவை. போதாக்குறைக்குக் களிமண்ணும் சிலிக்காவும் கலந்திருக்கும். இந்தப் பட்டறைத் தூள் எளிதில் நொறுங்கி மிதக்கும். செதில் கிராஃபைட் மெதுவாகத்தான் பிரியும், விளைச்சலும் குறைவு. ஆனால் தாள் அகலமாக வரும். சிவகங்கையில் தமிழக அரசின் கனிம நிறுவனமான டாமின் எடுப்பதும் இந்தச் செதில் வகைதான்.

கடைக்காரர் சொல்லும் மெஷ் எண்ணை (சல்லடைக் கண் எண்ணை) நம்பி ஏமாற வேண்டாம். 325 மெஷ் என்றால் சுமார் 44 மைக்ரோமீட்டர் துளையில் இறங்கிய தூள். 100 மெஷ் என்றால் சுமார் 150. அது துகளின் அளவு, படிகத்தின் அளவு அன்று. அரைத்து அரைத்து நைசாக்கிய தூளில் படிகமும் சேர்ந்தே நொறுங்கியிருக்கும்.

வாங்கியதும் ஒரு கிராம் தூளைப் பீங்கான் மூசையில் (உலையில் வைக்கும் சிறு கிண்ணத்தில்) இட்டு, 900 டிகிரி செல்சியஸ் உலையில், எடை குறைவது நிற்கும் வரை எரியுங்கள். கரி முழுவதும் காற்றோடு போய்விடும். மூசையில் தங்குவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மண். பிரிப்பதற்கு முன்பே தூளுக்கு ராமன் நிறமாலையும் (லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் படிகத்தின் நிலையை அறியும் சோதனை) எடுத்து வையுங்கள். 1350 செ.மீ.⁻¹ அருகே வரும், படிகக் குறைகளைக் காட்டும் டி முகடு அப்போதே உயர்ந்திருந்தால் அது பிறவிக் குறை. பிரித்த பிறகு உயர்ந்தால், தாள் சிறுத்து விளிம்பு கூடியதாலும் இருக்கலாம். முன்னதை எடுக்காமல் பின்னதை வைத்து வாதாட முடியாது.

செதில் தூளையும் அப்படியே பயன்படுத்தாதீர்கள். முதல் ஒரு மணி நேர மீயொலிக்குப் பின் மையவிலக்கியில் சுற்றி, மேலே நிற்கும் திரவத்தைக் கொட்டிவிடுங்கள். அழுக்கும் மிக நுண்ணிய பொடியும் அதோடு போகும். அடியில் தங்கியதைப் புதிய கோலேட் நீரில் கலந்து மீண்டும் தொடங்குங்கள். அந்த நீரும் மூலப்பொருள்தான். உப்பேறிய நம் பகுதி போர் தண்ணீரில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படிந்துவிடும். காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள்.