வரி விலக்கு முடியப்போகும் காண்டோ: கிளீவ்லாந்து டவுன்டவுனில் வாங்கலாமா?

கேள்வி: கிளீவ்லாந்தில் யூனிவர்சிட்டி சர்க்கிள் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். கணவருக்கு டெக்சாஸ் நிறுவனம் ஒன்றில், வீட்டிலிருந்தே வேலை. இருவருக்கும் சேர்த்து ஆண்டு வருமானம் 1,65,000 டாலர். அதில் அவருடையது 95,000. நாடக அரங்குகள் நிறைந்த பிளேஹவுஸ் ஸ்கொயர் அருகே இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட்டுக்கு 2,150 டாலர் வாடகை கொடுக்கிறோம். இரண்டு கார், ஒவ்வொன்றுக்கும் பார்க்கிங் 175. பக்கத்துத் தெருவில் ஒரு பழைய கட்டடத்தில் காண்டோ (சொந்தமாக வாங்கும் அடுக்குமாடி வீடு) 3,30,000க்கு வருகிறது. அசோசியேஷன் கட்டணம் மாதம் 640. கட்டடத்துக்கான சொத்து வரி விலக்கு இன்னும் 6 ஆண்டு இருப்பதால் நிலத்துக்கு மட்டும் மாதம் 70 டாலர்தான் வரி. நாடகம், இசை, ஈஸ்டர் சமயத்துத் தியாகராஜர் விழா எல்லாம் நடந்துபோகும் தூரம். ஐந்தாறு வருடம் இங்கேதான் இருப்போம். வாங்கிவிடலாமா?

பதில்: இந்த விலைக்கு வேண்டாம். இடத்தில் குறை இல்லை. 1970களின் தொடக்கத்தில் இடிபட இருந்து தப்பிய அரங்குகள்தான் இன்று அந்தப் பகுதியைத் தூக்கி நிறுத்தியிருக்கின்றன. 1978 முதல் நடந்துவரும் தியாகராஜர் விழாவின் இடமான கிளீவ்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் இந்தச் சுகம் வாடகைக்கு இருப்பவருக்கும் அப்படியே கிடைக்கிறது. வாங்கினால் மட்டும் கூடுதலாகக் கிடைப்பது, முடியப்போகும் ஒரு வரி விலக்கு.

கணக்கைப் பாருங்கள். 20% முன்பணம் போக 2,64,000 டாலர் கடன். 6.5% வட்டி, 30 ஆண்டு என்றால் தவணை 1,669. அசோசியேஷன் 640, வரி 70, காப்பீட்டுக்குச் சுமார் 45 சேர்த்தால் மாதம் 2,424. வாடகையைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்று தோன்றும். விலக்கு முடிந்ததும் கட்டடத்துக்கும் வரி வரும். ஆண்டுக்குச் சந்தை மதிப்பில் 2.5% என்று வைத்துக்கொண்டால் மாதம் 687, மொத்தம் 3,041. சரியான விகிதத்தை, கிளீவ்லாந்து அடங்கிய குயஹோகா கவுன்டியின் இணையதளத்தில், அதே தெருவில் விலக்கு முடிந்துபோன ஒரு வீட்டின் வரி ரசீதைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். விற்பவரின் ஏஜென்ட் காட்டும் ரசீதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

நீங்கள் விற்க நினைக்கும் சமயத்தில்தான் விலக்கும் முடிகிறது. வரி மாதம் 617 டாலர் கூடினால், அதே மாத பட்ஜெட்டோடு வரும் அடுத்தவர் உங்களைவிடச் சுமார் 97,600 டாலர் குறைவாகத்தான் கடன் வாங்க முடியும். அவ்வளவும் விலையில் இறங்கிவிடும் என்று சொல்லவில்லை. பேரம் அங்கிருந்துதான் தொடங்கும். ஆறு ஆண்டில் நீங்கள் அடைக்கும் அசல் ஏறத்தாழ 21,000. ஏஜென்ட் கமிஷன், பத்திரச் செலவு என்று விற்பனைச் செலவு 6.5% ஆனால் அதுவும் ஏறத்தாழ 21,000. அதாவது விலை ஏறாவிட்டால் சேர்த்தது ஒன்றும் இல்லை.

வட்டியை வருமான வரியில் காட்டலாமே என்பீர்கள். முதல் ஆண்டு வட்டி 17,000. நகர வரி, மாநில வரி, சொத்து வரி எல்லாம் கூட்டினாலும் 26,000 வாக்கில்தான் வரும். செலவு எதையும் காட்டாமலே தம்பதியருக்குக் கிடைக்கும் நிலையான கழிவே 2025க்கு 31,500. ஆகவே சல்லிக்காசு மிச்சமில்லை.

உங்கள் கணவர் உடனே கவனிக்க வேண்டியது ஒன்று. கிளீவ்லாந்து நகர வருமான வரி 2.5%. டெக்சாஸ் நிறுவனம் அதைச் சம்பளத்தில் பிடிக்காமல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். 95,000க்கு ஆண்டுக்கு 2,375 டாலர். பே ஸ்டப்பில் இந்தப் பிடித்தம் இல்லையென்றால், காலாண்டுதோறும் மதிப்பீட்டு வரியாக அவரே கட்ட வேண்டும்; விட்டால் அபராதமும் வட்டியும் சேரும். வீடு வாங்குவதைவிட அவசரம் இதற்குத்தான்.

டவுன்டவுனில் உண்மையான மிச்சம் இரண்டாவது கார். யூக்ளிட் அவென்யூவில் ஓடும் ஹெல்த்லைன் பேருந்து பிளேஹவுஸ் ஸ்கொயரிலிருந்து யூனிவர்சிட்டி சர்க்கிளுக்கு நேராகப் போகிறது. கணவர் வீட்டிலேயே இருக்கிறார். ஒரு காரை விற்றால் பார்க்கிங் 175, அதன் காப்பீடு, தவணை இருந்தால் அதுவும் மாதாமாதம் மிஞ்சும். ஜனவரிக் குளிரில் ஏரிக்காற்றுக்கு நடுவே பேருந்துக்கு நிற்க முடிகிறதா என்று ஒரு மாதம் பழகிப் பார்த்துவிட்டு விற்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை விடவில்லை என்றால் கட்டடத்தின் காகிதங்களைக் கேளுங்கள். இரண்டு ஆண்டுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள் முதலில். லிஃப்ட், கூரை, முகப்புச் செங்கல் பற்றிய சண்டை அதில்தான் இருக்கும். அடுத்து பட்ஜெட். ஓஹையோ சட்டப்படி, பெரிய பழுதுகளுக்குப் போதுமான தொகை பட்ஜெட்டில் சேமநிதிக்குப் போக வேண்டும். ஆனால் உரிமையாளர்கள் ஆண்டுதோறும் பெரும்பான்மை வாக்கால் அதைத் தள்ளுபடி செய்துகொள்ளலாம். அப்படித் தொடர்ந்து தள்ளியிருந்தால் 640 என்பது பொய்யான எண். பெரிய பழுது வரும் நாளில் வீட்டுக்கு இவ்வளவு என்று தனி வசூல் வரும். விபத்துச் சேதத்தால் வரும் தனி வசூலை ஈடுகட்டக் காண்டோ காப்பீட்டில் 'லாஸ் அசெஸ்மென்ட்' வரம்பை உயர்த்த வேண்டும். பல பாலிசிகளில் அது 1,000 டாலரோடு நிற்கிறது. தேய்மானத்தால் வரும் வசூலுக்கு அது உதவாது, தீ, நீர் போன்ற விபத்துச் சேதத்துக்குத்தான். கட்டணம் 60 நாளுக்கு மேல் பாக்கி வைத்த வீடுகள் 15%ஐத் தாண்டினால் சாதாரண வங்கிக் கடனே சிக்கலாகும். உங்களுக்குக் கிடைத்தாலும், நாளை உங்களிடம் வாங்க வருபவருக்குக் கிடைக்காது. பார்க்கிங் இடம் பத்திரத்தில் சேர்ந்ததா, வாடகை உரிமையா என்றும் எழுத்தில் வாங்குங்கள்.

விழா சமயத்தில் ஊரிலிருந்து வரும் ரசிகர்களுக்கு ஓர் அறையை வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், குறுகிய கால வாடகைக்கு அசோசியேஷன் விதிகளில் பெரும்பாலும் தடை இருக்கும்.

விலை பேசுவதானால் என் எல்லை 2,80,000. அந்த 97,600இல் பாதியையாவது விற்பவர் தன் தலையில் ஏற்க வேண்டும் என்பதே கணக்கு. வாங்கினால் விலக்கு முடியும் தேதியைக் குறித்துக்கொண்டு, இப்போதிருந்தே மாதம் 300 டாலரைத் தனியாக ஒதுக்குங்கள். வங்கியின் எஸ்க்ரோ (தவணையோடு சேர்த்து வரிக்காகப் பிடித்து வைக்கும் கணக்கு) பழைய வரியை வைத்தே கணக்கிட்டிருக்கும்; ஓஹையோவில் சொத்து வரி ஓர் ஆண்டு பின்தங்கி வருவதால், உயர்ந்த வரியும் எஸ்க்ரோ பற்றாக்குறையும் ஒரே தவணைக் கடிதத்தில் வந்து நிற்கும்.