சென்னையில் புது பிக்கப் வண்டியை விலை குறைத்து வாங்குவது எப்படி?

தோஸ்த்தோ பொலிரோ பிக்கப்போ, முதலில் ஆன்-ரோடு கொட்டேஷனை, அதாவது சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த மொத்த விலையை, வரிவரியாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். சாலை வரி அரசுக்குப் போவது, அதில் பேச ஒன்றுமில்லை. பேரம் பேச இடமிருப்பது இன்சூரன்ஸில்தான். ஷோரூமிலேயே போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. வெளியே வாங்கிய கொட்டேஷனை மேசையில் வையுங்கள், பெரும்பாலும் இறங்கி வருவார்கள். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

ஆடியில் புது வண்டி எடுக்கப் பலர் தயங்குவார்கள். உங்களுக்கு அந்தத் தயக்கம் இல்லையென்றால் அதுதான் நல்ல நேரம். டிசம்பர் கடைசியும் பரவாயில்லை, ஆனால் வண்டி தயாரான மாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், "மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" என்பார்கள். மொத்த விலை முடியும்வரை பதில் சொல்லாதீர்கள்.